வேஷ்டியும் ஸ்பாகெட்டியும்

நாரணாபுரத்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய புதல்வர் சென்னைப் பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர். தகப்பனாரின் அறுபதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு அவரை ஓர் இத்தாலியப் போஜனசாலைக்கு அழைத்துச் செல்லப் போகிறாராம். சந்தோஷமான சமாசாரந்தான். ஆனால், "அப்பா, அங்கே வேஷ்டி வேண்டாம், கால்சட்டை வாங்கி வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரியையும் சேர்த்து எழுதிவிட்டார். நாற்பது வருஷம் பட்டாசு ஆபீஸில் வேஷ்டியோடு அமர்ந்து கணக்கு எழுதிப் பிள்ளையைப் படிக்க வைத்தவருக்கு அந்த ஒரு வரி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. "போகவா, வேண்டாமா?" என்று நம்மைக் கேட்கிறார்.

போக வேண்டும், வேஷ்டியோடேயே போக வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இத்தாலியர் நம் நாட்டில் போஜனசாலை நடத்தத் தொடங்கியது நேற்று இன்றல்ல. மேயோ பிரபு ராஜப் பிரதிநிதியாயிருந்த காலத்தில், 1869-ஆம் ஆண்டில், அவருடைய மாளிகைக்குத் தித்திப்புப் பண்டம் செய்ய வந்தவர் பெடரிகோ பெலிட்டி. பிற்பாடு கல்கத்தாவிலும் சிம்லாவிலும் அவர் பெயர் தாங்கிய கடைகள் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களால் நிறைந்திருந்தன. 1917-இல் ஆஞ்ஜெலோ பிர்ப்போ என்பார் கல்கத்தாவின் சௌரங்கி வீதியில் மற்றொன்று திறந்தார். வங்காளத்துப் பெரிய மனிதர்கள் இன்றும் பெருமூச்சுடன் நினைவுகூரும் இடம் அது.

அந்தக் கல்கத்தாவுக்குத்தான் 1922-இல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் ரயிலேறிச் சென்றார்கள். விருந்துண்ணச் சென்றவர்களல்லர், தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்கச் சென்றவர்கள். மறு வருஷம் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். அன்பருக்கும் அவர் குடும்பத்துக்கும் சோறு போட்ட பட்டாசு, அந்தத் தீக்குச்சியின் வழி வந்ததேயாகும்.

அதே நகரில் 1943-இல் நடந்ததையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வங்காளப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். கிராமங்களிலிருந்து வந்தவர்கள் சோறு கேட்கவும் துணிவின்றி, வடித்த கஞ்சியை ஊற்றும்படி வீடு வீடாகக் கெஞ்சினார்கள். சௌரங்கி ஹோட்டல்களில் விருந்துகளோ நின்றபாடில்லை. உள்ளே யார், வெளியே யார் என்பதைப் பசி தீர்மானிக்கவில்லை. பணமும் அதிகாரமும் தீர்மானித்தன. இன்று நாரணாபுரத்துப் பிள்ளை தன் சொந்தச் சம்பாத்தியத்தில் தகப்பனாரை அந்த வாசற்படிக்குள் அழைத்துப் போகிறார். அதற்கு அவர் உடையை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், எங்கேயோ கணக்குத் தவறியிருக்கிறது!

சட்டமும் அன்பர் பக்கத்திலேயே இருக்கிறது. 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தின் வாசலில், வேஷ்டி உடுத்திச் சென்ற ஹைகோர்ட் நீதிபதி ஒருவரையே தடுத்தார்கள். அவ்வருஷமே தமிழ்நாட்டுச் சட்டசபை, வேஷ்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கலாகாது என்று சட்டம் செய்துவிட்டது. ஆனால் பிள்ளையிடம் சட்டம் பேச வேண்டாம். "இதுதான் எனக்குச் சௌகரியம், தம்பி" என்று சொன்னால் போதும்.

நிற்க, சாப்பாட்டுக்கு வருவோம். இத்தாலியர் எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாறமாட்டார்கள். முதலில் சிறு பண்டம், பிறகு மாவுப் பண்டம், அதன் பின்னரே மாமிசமோ மீனோ, கடைசியில் தித்திப்பு. மாவுப் பண்டம் கெட்டிக் கோதுமை ரவையில் செய்வது. நம் சேமியாவின் தடித்த தமையன் என்று வைத்துக்கொள்ளலாம். பல்லுக்குச் சற்று அழுத்தம் தரும்படி வேக வைப்பதுதான் அவர்கள் சம்பிரதாயம். வேகவில்லையென்று திருப்பியனுப்பிவிடக் கூடாது. முள்கரண்டியால் சுற்றி எடுக்க வராவிட்டால் லஜ்ஜைப்பட வேண்டியதில்லை. முன்னாளில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழை ஜனங்கள் தெருவில் நின்று, தலையை அண்ணாந்து, இதைக் கையாலேயே உண்டவர்கள்.

எதைக் கேட்பது? பூண்டையும் மிளகாய் வற்றலையும் ஒலிவ எண்ணெயில் தாளித்துப் பிரட்டிய ஸ்பாகெட்டியைக் கேட்கும்படி சிபாரிசு செய்கிறோம். வற்றல் மண்டிகளுக்குப் பேர்போன விருதுநகர்ச் சீமைக்காரருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அன்பர் சைவர் என்று எழுதியிருப்பதால் ஓர் எச்சரிக்கை: பார்மிஜானோ என்னும் பாலாடைக்கட்டியை உறைய வைப்பதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்ப்பது வழக்கம். தூவ வரும்போதே விசாரித்துக்கொள்க.

இறுதியில் காப்பி வரும். கோப்பையோ உத்தரணி அளவுதான் இருக்கும். பரிசாரகர் பாதியைக் குடித்துவிட்டார் என்று சந்தேகிக்க வேண்டாம்!