மூன்றாவது பெண் எங்கே?

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். பதினைந்து வயது. சென்ற வருஷம் மாவட்ட விளையாட்டுப் போட்டியில் அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு ரிலே ஓட்டத்தில் முதல் பரிசு கிடைத்தது. நாலு பேர் ஓடும் ஓட்டத்தில் இவள் மூன்றாவது. இவள் கைக்குக் குச்சி வந்தபோது இவர்கள் கட்சி நாலாவது இடத்தில் இருந்தது. மைதானத்தின் வளைவில் மூன்று பேரை ஒவ்வொருவராகப் பின்னால் தள்ளிவிட்டு, முதலாவதாகக் கொண்டுபோய்க் கடைசிப் பெண்ணிடம் குச்சியைக் கொடுத்தாள். நான் அங்கே இருந்தேன், கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. கடைசிப் பெண் நாடாவை மார்பால் அறுத்துக்கொண்டு வருகிறாள். அழகான படம். நெற்றி வியர்வைத் துளியைக்கூட எண்ணலாம். அவளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பச்சையாக ஒரு பனிமூட்டம். மைதானம் இல்லை, மற்ற ஓட்டக்காரிகள் இல்லை, கயிற்றுக்கு அப்பால் தொண்டை கிழியக் கத்தின நாங்களும் இல்லை. ஆகாயத்திலிருந்து குதித்து ஓடி வந்தவள்போல் ஒரு பெண் மட்டும் இருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா நாங்க இல்லையே" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த 'நாங்க இல்லையே'க்காக எழுதப்படுகிறது.

சில வாரங்களுக்குப் பின் இன்னொரு பந்தயத்தில் ஒரு புகைப்பட இளைஞரோடு பேசும் சந்தர்ப்பம் வாய்த்தது. குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் ஒரு பெரிய வெள்ளைக் குழாயை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முன்கண்ணாடி சாப்பாட்டுத் தட்டளவு இருந்தது.

"என்ன தம்பி இது, பீரங்கியா?" என்றேன்.

"நானூறு எம்.எம்., எஃப் டூ பாயிண்ட் எய்ட் ஸார். என்னோடது இல்லை, வாடகை. இதுல எடுத்தா ஆள் மட்டும் கத்தரிச்சு எடுத்தமாதிரி வருவான். பின்னாடி இருக்கிறதெல்லாம் சுத்தமாப் போயிடும்."

"பின்னாடி இருக்கிறது ஏன் போகணும்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெல்லாம் இடைஞ்சல் ஸார்" என்றார்.

நல்ல பிள்ளை. அவரிடம் எனக்குக் கோபமில்லை. அந்த 'இடைஞ்சல்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் அந்தக் குழாய் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இது நாவலாசிரியன் கணக்கென்று ஒதுக்கிவிட வேண்டாம்; பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்குத்தான். சாதாரணப் பிலிம் அளவுள்ள காமிராவில் நானூறு மில்லிமீட்டர் லென்ஸ் பார்க்கும் கோணம் ஆறு டிகிரி சொச்சம். எழுபது மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆட்டக்காரரை அதனால் எடுத்தால், படத்தின் அகலத்துக்குள் சுமார் ஆறு மீட்டர் இடம்தான் அடங்கும். அறுநூறு மில்லிமீட்டர் போட்டால் நாலு மீட்டர் சொச்சம். நூற்று நாற்பது மீட்டர் குறுக்களவுள்ள மைதானத்தில் ஒரு சின்ன அறையின் அகலம்! மிச்சமெல்லாம் சட்டத்துக்கு வெளியே. உள்ளே வந்ததாவது தெளிவாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. ஆட்டக்காரர் முப்பது மீட்டரில் இருந்து, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால், அவருக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஒரு மீட்டர்தான் துலக்கம். அதற்கப்பால் மூட்டம். இந்த மூட்டத்துக்கு ஜப்பானியப் பெயர் ஒன்றைச் சூட்டி, 'பொக்கே' என்று கொண்டாடுகிறார்கள். மங்கல் என்றுதான் அதற்கு அர்த்தம்.

மூன்றாவது வித்தை ஒன்று உண்டு. தூரத்திலிருந்து பார்க்கும்போது முன்னும் பின்னுமாக நிற்பவர்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். நியாயமாகச் சொன்னால் இது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் குணம். லென்ஸ் அந்தத் தோற்றத்தைப் பெரிதாக்கி நம் கையில் கொடுக்கிறது, அவ்வளவுதான். 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், டென்மார்க்கில் இரண்டு புகைப்படக்காரர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரே இடத்து ஜனங்களை அகலக் கண்ணாலும் எடுத்தார்கள், நீளக் கண்ணாலும் எடுத்தார்கள். ஒரு படத்தில் ஜனங்கள் ஒழுங்காக விலகி நின்றார்கள். மற்றதில் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்தார்கள். இரண்டும் காமிரா சொன்ன சாட்சிதான். எதை நம்புவது?

இனி என் வழக்குக்கு வருகிறேன். 1986 செப்டம்பர் 22. சென்னை சேப்பாக்கம். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின டெஸ்டின் கடைசி ஓவர். ஜெயிக்க இன்னும் நாலு ரன் வேண்டும். கையில் ஒரே விக்கெட். கிரெக் மாத்யூஸ் பந்து வீசுகிறார். ரவி சாஸ்திரி இரண்டாவது பந்தில் இரண்டு ரன்னும், மூன்றாவது பந்தில் ஒரு ரன்னும் எடுத்தார். கணக்குச் சமமாயிற்று, இனித் தோல்வியில்லை. ஆனால் அந்த ஒரு ரன்னினால் சாஸ்திரி எதிர்முனைக்குப் போய்விட்டார். பந்தைச் சந்திக்க வேண்டியவர் மணீந்தர் சிங். நாலாவது பந்து தப்பியது. ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் விரலைத் தூக்கினார். டெஸ்ட் சரித்திரத்தில் இரண்டாவது 'டை'.

எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. என் பெரியப்பா அன்று சேப்பாக்கத்தில் இருந்தார். பிற்காலத்தில் எத்தனை முறை கேட்டாலும் அவர் மணீந்தர் காலைப் பற்றிச் சொல்லமாட்டார். "எதிர்ப்பக்கத்திலே சாஸ்திரி நின்னாண்டா. நாற்பத்தெட்டு ரன் அடிச்சவன், மட்டையைப் பிடிச்சுண்டு, கையாலாகாம நின்னான். அதைப் பார்க்க முடியலை" என்பார்.

அதுதான் நாடகம்! ஆடத் தெரிந்தவன் ஒரு முனையில், ஆட வேண்டியவன் மறுமுனையில், நடுவில் இருபத்திரண்டு கெஜம். அதாவது இருபது மீட்டர். பக்கவாட்டில் எல்லைக் கோட்டருகே உட்கார்ந்திருப்பவரின் நானூறு மில்லிமீட்டருக்குள் ஆறு மீட்டர்தானே அடங்கும்? மணீந்தரை எடுத்தால் சாஸ்திரி இல்லை. சாஸ்திரியை எடுத்தால் மணீந்தர் இல்லை. நேர்கோட்டில் போய் எடுத்தாலோ, அந்த இருபது மீட்டர் நாலு எட்டு தூரம்போல் சுருங்கிவிடும். இரண்டு மனிதர்களுக்கிடையே இருந்த அந்தப் பயங்கரமான இடைவெளி எந்தப் படத்திலும் வராது. என் பெரியப்பாவின் சாதாரணக் கண்ணுக்கு அது கிடைத்தது.

"அப்படியானால் சிற்றெறும்பு ஊருவதுபோல் மைதானத்தைப் படம் எடுத்துப் போடச் சொல்கிறீரா?" என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. 1960 டிசம்பர் 14 அன்று பிரிஸ்பேன் நகரில் நடந்ததே அதற்குப் பதில்.

ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடின ஆட்டம். அதுதான் முதல் 'டை'. அந்நாளில் அந்நாட்டில் ஓவருக்கு எட்டுப் பந்து. வெஸ் ஹால் வீசின கடைசி ஓவரில் ஆறு ரன் தேவை, மூன்று விக்கெட் மிச்சம். மூன்று விக்கெட்டும் அதே ஓவரில் போயின. ஏழாவது பந்தில் கிளைன் தட்டிவிட்டு ஓடினார். ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து, கண்ணுக்கு ஒற்றை ஸ்டம்பு மட்டுமே தெரிகிற கோணத்தில், வீசி அடித்தார். மெக்கிஃப் அவுட். அந்தக் கணத்தை ரான் லோவிட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்தார். அவரிடம் ஒரே ஒரு பிளேட்தான் மிச்சம் இருந்தது என்று சொல்வார்கள். அவரும் எல்லைக்கு வெளியே நின்றவர்தான். அவருக்கும் மைதானத்துக்குள் போக அனுமதியில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் ஆட்டம் முழுவதும் இருக்கிறது. விழுந்த விக்கெட் இருக்கிறது; எட்டாத கோட்டை நோக்கி நீளும் மட்டை இருக்கிறது; கைகளை உயர்த்தித் துள்ளும் மேற்கிந்தியர்கள் இருக்கிறார்கள். யார் எங்கே நின்றார், ஏன் அவுட் ஆயிற்று என்பது படிக்காதவனுக்கும் புரியும். அன்றைக்கு மெக்கிஃப்பே தங்கள் கட்சி தோற்றுவிட்டதாக நினைத்தாராம். மைதானத்தில் இருந்தவருக்கே புரியாத முடிவு, அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஒரு படத்தில் நமக்குப் புரிகிறது. மெக்கிஃப்பின் முகத்தை மட்டும் பெரிதாக எடுத்திருந்தால்? ஒரு மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான் என்பது தெரிந்திருக்கும். அதற்குப் பிரிஸ்பேன் எதற்கு? எங்கள் தெருமுனையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் பார்த்தால் போதும்.

நீளக் கண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். 1968-இல் மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினாரே, அந்தத் தாண்டலின் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் டோனி டஃபி. தொழிலில் கணக்கர், படம் எடுப்பது பொழுதுபோக்கு. பார்வையாளர் வரிசையிலிருந்து எடுத்தார். தூரத்தைக் கடக்கும் லென்ஸ் இல்லாவிட்டால் அந்தப் படம் இல்லை. ஒரு மனிதன் தனியாகச் செய்கிற காரியத்துக்குத் தனியான படம் பொருத்தம்தான். ஆனால், எல்லா விளையாட்டும் ஒற்றை மனிதன் தாண்டுகிற தாண்டலா?

அதே ஒலிம்பிக்ஸில், இருநூறு மீட்டர் பரிசு மேடையில், டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். மேடையில் மூன்றாவதாக ஒரு வெள்ளைக்காரர் கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறார். ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன், இரண்டாம் பரிசுக்காரர். அவர் மார்பைப் பாருங்கள். மற்ற இருவரும் அணிந்திருந்த அதே மனித உரிமைச் சின்னம். அவரும் அந்தக் காரியத்தில் பங்காளி. 2012-இல் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் அவருக்காக வருத்தம் தெரிவித்தது. அவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. 'கையைத் தூக்காதவர் இடைஞ்சல்' என்று யாராவது அந்தப் படத்தைக் கத்தரித்திருந்தால், அந்தச் சின்னமும் மூட்டத்தோடு போயிருக்கும். இடைஞ்சல் என்று நினைப்பதில்தான் பல சமயம் கதை இருக்கிறது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த நோய் எனக்குத் தெரியும். எனக்கும் வந்திருக்கிறது. கதாநாயகனை மட்டும் துலக்கமாக எழுதிவிட்டு, அவன் அம்மா, அவன் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர், அவன் கடன் வாங்கின மனிதர் எல்லோரையும் மூட்டமாக விட்டுவிட்டால் வேலை சுலபம். வாசகர் கண்ணும் அலையாது. ஆனால் அப்படி எழுதின கதைகள் எனக்கே மறந்துபோயின. பின்னணியை அழித்துவிட்டால் கதாநாயகன் உயர்வதில்லை. அவன் எதற்காகப் போராடினான் என்பது தெரியாமல் போகிறது.

விளையாட்டுப் பக்கத்திலும் அதுதான் நடக்கிறது. நாள்தோறும் தனி முகங்கள். ஒருவர் வாயைத் திறந்து கத்துகிறார். ஒருவர் முஷ்டியை மடக்குகிறார். ஒருவர் வானத்தைப் பார்க்கிறார். எந்த ஆட்டம், எந்த ஊர், எந்த நாள் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. போன வருஷத்துப் படத்தை இந்த வருஷம் போட்டாலும் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். நட்சத்திரங்களைக் கும்பிடத்தான் நமக்கு ஏற்கெனவே சினிமா இருக்கிறதே! பதினொரு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டத்தையும் ஒற்றை மனிதர் பூஜையாக ஆக்க வேண்டுமா? பூஜை பழகின குழந்தைகளுக்குக் குச்சியை வாங்கிக் கொடுக்கிற வேலை கேவலமாகத் தோன்றும். எல்லோரும் நாடாவை அறுக்கத்தான் ஆசைப்படுவார்கள். அப்புறம் வளைவில் ஓட யார் இருப்பார்கள்?

அந்த லென்ஸை உடைத்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2018-இல் ஒரு கம்பெனி வெளியிட்ட நானூறு மில்லிமீட்டர் லென்ஸின் அப்போதைய விலை பன்னிரண்டாயிரம் டாலர். உடைக்கச் சொன்னால் பாவம் வரும். வாடகை கொடுத்து எடுத்த பிள்ளை, அதற்குத் தக்க படத்தைத் தேடுவதும் இயல்பே. படத்தைப் பொறுக்குகிற பத்திரிகாசிரியர்களைத்தான் கேட்கிறேன்: நாலு முகம் போடுங்கள், கூடவே மைதானம் தெரிகிற படம் ஒன்று போடுங்கள். ஒரே ஒன்று. எங்கே நின்றார்கள், யாருக்கு எதிராக நின்றார்கள், யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரிகிற படம். அதை எடுக்கப் பெரிய குழாய் வேண்டாம். புகைப்படக்காரர் இரண்டு நிமிஷம் எழுந்து நின்றால் போதும்.

பக்கத்து வீட்டு அம்மாள் அந்தப் பத்திரிகைப் படத்தைக் கத்தரித்துப் பூஜை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். அவர் மகள் அதில் இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பச்சை மூட்டத்தில் விரலை வைத்து, "இங்கேதான் எங்க பொண்ணு இருக்கா" என்று காட்டுகிறார்.