துட்டில் நீந்தும் சிங்கம்

"கையில் துட்டு இல்லப்பா" என்று நாளுக்கு நாலு தடவை சொல்கிறோம். அந்தத் துட்டு டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். 'டாய்ட்' என்ற அவர்களுடைய செப்புக்காசு நம் வாயில் துட்டாகிவிட்டது.

எங்கள் அப்பத்தாவின் செல்லாக்காசு டப்பாவில் அப்படி ஒன்று இருந்தது. தூத்துக்குடி 1658இல் டச்சுக்காரர் கைக்குப் போன ஊர். அந்தப் பக்கம் பஞ்சு விற்கப் போன யாரோ கொண்டுவந்திருக்கலாம். ஒரு பக்கம் பெரிய 'வி'. அதன் இடக்காலில் 'ஓ', வலக்காலில் 'சி'. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. ஆண்டில் 17 மட்டும் தெரிகிறது. மிச்சத்தைப் புளி போட்டுத் தேய்த்தே அழித்துவிட்டேன். பத்து வயதுப் புத்தி. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். அதற்குள் கீழே அலைக்கோடுகள், மேலே பாதி உடம்போடு எழும்பும் சிங்கம்.

அது சீலாந்து மாகாணத்தின் சின்னம். அணை கட்டிக் கடலைத் தடுத்தே பிழைத்த நிலம் அது. 'போராடி மேலெழுகிறேன்' என்பது அவர்களுடைய முழக்கம். அதே டச்சு நாட்டில் காம்பன் என்ற சின்ன நகரம் தன் சின்னத்தில் மூன்று கோபுரம் வைத்த கோட்டை வாசலை வைத்துக்கொண்டது. டெவென்டர் நகரத்துக்குக் கழுகு. இந்த ஊர்களெல்லாம் சொந்தமாகக் காசு அடித்தவை.

போன புரட்டாசிச் சனிக்கிழமை செண்பகத்தோப்புக் காட்டழகரைக் கும்பிடப் போனபோது, வழியில் அரசுப் பலகையில் கோபுரச் சின்னத்தைப் பார்த்தேன். பதினொரு நிலை கொண்ட எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான். மதுரைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஊரில் அந்த வழக்குக்கு எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. ஆனால் 1949இல் அது மாகாணம் முழுவதற்குமான சின்னமாகிவிட்டது. அந்த டச்சு ஊர்களைப் போல நமக்கும் ஊருக்கென்று தனியாக ஒன்று வேண்டாமா?

ராஜபாளையத்துக்கு யோசிக்கவே வேண்டாம். 2005இல் தபால்தலையிலேயே ஏறிய நாய் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாள் கைக்கிளி. மாதுளம்பூ மூக்கும் இலை உடம்புமாகத் தினமும் புதிதாகக் கட்டுகிறார்களே, அதுதான். பால்கோவாவை வைக்கலாமே என்றார் நண்பர். எறும்பு மொய்க்கும் என்றேன். செண்பகத்தோப்புக்கு, 1988இல் சரணாலயம் கண்ட சாம்பல் நிற அணில். இதெல்லாம் வேறு எந்த ஊரும் உரிமை கொண்டாட முடியாதவை.

காசு அடிக்கும் அதிகாரம் நமக்கில்லை. ரசீதிலும் குப்பை வண்டியிலும் தெருப்பலகையிலும் அச்சடிக்கலாமே. இரண்டு நகராட்சிகளும் ஆளுக்கொரு தீர்மானம் போடட்டும். படம் வரைய எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.