மனவுறுதி மருந்தாகுமா?

சூலகப் புற்றுநோயினின்றும் ஒரு பெண் மீண்டெழும்போது, அவளது மனவுறுதியே அவளைக் காத்தது எனச் சமூகம் போற்றுகின்றது. கேட்பதற்கு இனிதான இக்கூற்று, ஆராயுமிடத்துக் கொடிதாகின்றது. உறுதியுடையோர் பிழைப்பர் எனின், மாண்டோர் உறுதி குன்றியோர் என்பதே அதன் மறுபக்கமாகும். நோயின் பழியை நோயாளியின் தலையிலேயே சுமத்தும் இக்கருத்துமுதல்வாதம் தகர்க்கப்பட வேண்டியதொன்றாகும்.

‘பம்பாய்’ (1995) முதலிய திரைப்படங்களால் தமிழ் மக்கள் நன்கறிந்த நேபாள நடிகை மனீஷா கொய்ராலா 2012இல் இந்நோய்க்கு ஆளானார். நியூயோர்க்கில் சத்திரசிகிச்சையும் இரசாயன மருந்தேற்றலும் பெற்று மீண்ட அவர், 2018இல் தம் அனுபவங்களை நூலாக்கினார். அவரது துணிவு ஐயத்துக்கு இடமற்றது. ஆயின், அவரைக் காத்த சத்திரசிகிச்சையையும், நியூயோர்க் வரை செல்ல உதவிய வளத்தையும் மறந்து, துணிவை மட்டும் பாடுவது உண்மையைப் பாதியாக வெட்டுவதாகும்.

இந்நோய்க்கான மருந்துகள் எவ்வாறு தோன்றின? 1965இல் ஐக்கிய அமெரிக்காவில் பார்னெற் றோசன்பேர்க் என்பார், பற்றீரியாக்கள்மீது மின்புலத்தின் விளைவை ஆராய்ந்தபோது, பிளாற்றின மின்வாய்களிலிருந்து உருவான சேர்வைகள் கலப்பிரிவைத் தடுத்தல் கண்டார். அதன் பயனான சிஸ்பிளாற்றின் 1978இல் அங்கு அங்கீகாரம் பெற்றது. பசுபிக் யூ மரப்பட்டையிலிருந்து பெறப்பட்ட பக்கிளிற்றாக்செல்லின் கட்டமைப்பை மொன்றோ வோல், மன்சுக் வானி முதலியோர் 1971இல் வெளியிட்டனர். 1992இலேயே அது சூலகப் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. இவ்விடைக்காலத்தில் மாண்ட பெண்களிடம் இல்லாதிருந்தது மருந்தேயன்றி மனவுறுதியன்று.

தலை, கழுத்துப் புற்றுநோயுற்ற 1,093 பேரை ஆராய்ந்த ஜேம்ஸ் கொயின் குழுவினரும், உளநலத்துக்கும் உயிர்வாழுங் காலத்துக்கும் தொடர்பு காணவில்லை என 2007இல் அறிவித்தனர். அமெரிக்க நகைச்சுவை நடிகை ஜில்டா ராட்னர் 1986இல் மாதக்கணக்காகச் சோர்வும் வலியும் என முறையிட்டும், ஒக்ரோபரிலேயே அவரது நோய் இன்னதென அறியப்பட்டது. தம் நோயையும் நகைச்சுவையோடு எழுதிய அவர் 1989இல், 42ஆவது வயதில் மறைந்தார். அவரையும் உறுதியற்றவர் என்பதா?

அவ்வாறாயின் மனவுறுதி வீணோ? அன்று. குமட்டலும், தலைமயிர் உதிர்தலும், கைகால் விறைப்பும் தொடர, அடுத்த மருந்தேற்றலுக்கு மீண்டும் செல்வதற்கு உறுதி வேண்டும். ஆனால் அவ்வுறுதி ஆகாயத்தினின்று இறங்குவதன்று. இலங்கையில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசமே. எனினும் வன்னிக் கிராமமொன்றிலிருந்து தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ செல்லும் கூலிப்பெண்ணுக்குப் பேருந்துக் கட்டணம் இலவசமன்று. இழந்த நாட்கூலியை எவரும் தருவதில்லை. வீட்டில் விட்டுவந்த பிள்ளைக்குச் சோறூட்ட ஆள் வேண்டும். இவற்றுக்கு வழிசெய்யாது, “மனதைத் தளரவிடாதே” என உபதேசிப்போர், செலவற்ற தர்மத்தையே செய்கின்றனர்.

இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடையே நடத்தப்பட்ட பிரித்தானிய ஆய்வு, இரத்தப் பரிசோதனையும் கேளா ஒலிப் பரிசோதனையும் கொண்டு அறிகுறியற்றோரைச் சோதிப்பது இறப்பைக் குறைக்கவில்லை என 2021இல் காட்டியது. ஆகவே, நீங்காத வயிற்றுப்பொருமல், சிறிது உண்டதும் வயிறு நிரம்பல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றைச் சொல்லும் பெண்ணின் சொல்லுக்குச் செவிசாய்த்தல் இன்றியமையாததாகின்றது. அவளை “வாயுக் கோளாறு” என்று அடக்கும் வீடும், வெட்கம் என்று வாய்மூடச் செய்யும் வழக்கமும், பின்னர் அவளிடமே வீரத்தை எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

நோயாளி வீராங்கனையாக இருக்கக் கடமைப்பட்டவளல்லள். அழவும் அவளுக்கு உரிமையுண்டு. உறுதியாக நிற்கக் கடமைப்பட்டது அவளைச் சூழ்ந்த சமூகமேயாகும்.