சிற்றில் சிதைப்பதும் சிற்றில் திருத்துவதும்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தார்கள். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் எட்டாவதாக வருவது சிற்றிற் பருவம். சிறுமியர் மணலைக் குவித்து வீடு கட்டி விளையாடுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் வந்து அதனைக் காலால் எற்றிச் சிதைக்கின்றான். சிதையாதே என்று அவர்கள் இரந்து நிற்கின்றனர். இப்பருவத்தை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆயினும் ஒரு வினா என் மாணவர்க்கும் எழவில்லை, எனக்கும் எழவில்லை. கட்டிய சிற்றிலைச் சிதைக்க ஒருவன் வருகிறான். அதனைப் பார்த்து, "இந்த வாயிலைச் சற்றே திருப்பினால் வெளிச்சம் வருமே" என்று சொல்ல ஏன் ஒருவரும் வரவில்லை?

இவ்வினாவை என்னுள் எழுப்பியது நூலன்று, ஒரு விளையாட்டு.

ஓப்பநாயக்க, இரத்தினபுரி மாவட்டத்தில் பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்த சிற்றூர். ஒரு காலத்தில் களனிப் பள்ளத்தாக்கின் சிறு புகையிரதம் இவ்வூர் வரை வந்து நின்றது. அப்பாதை இன்று இல்லை. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். ஓய்வு பெற்ற பின்னும், இங்குள்ள தோட்டமொன்றின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மழை பெய்த ஒரு மாலையில் பாடம் முடிந்தும் பிள்ளைகள் கலையவில்லை. நான்கு கைத்தொலைபேசிகளைச் சுற்றிக் கூடி ஏதோ வாதித்துக்கொண்டிருந்தனர். கடிந்துகொள்ள எழுந்து சென்றவன், ஒரு மணி நேரம் அவர்களோடு அமர்ந்துவிட்டேன்.

அவர்கள் ஆடியது மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டு. சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பேர்சன் என்பவர் 2009இல் இதன் முதல் வடிவை வெளியிட்டார். 2011இல் அது முழுமை பெற்றது. 2014இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இதனை உடைய மொஜாங் நிறுவனத்தை 250 கோடி டொலருக்கு வாங்கியது. 2023இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைக் கடந்தது. இதனுள் விரிவது கட்டிகளாலான ஓர் உலகம்; கட்டி ஒவ்வொன்றும் நீளம் அகலம் உயரம் எல்லாம் ஒரு மீற்றர். மரம் வெட்டலாம், கல் அகழலாம், வீடு கட்டலாம், ஊர் சமைக்கலாம். இன்னதைச் செய்தே ஆகவேண்டும் என்ற கட்டளை இல்லை. பலர் ஒரே உலகினுள் ஒருசேரப் புகுந்து உலவவும் கூடும். மேனாட்டார் இவ்வகை விளையாட்டுகளுக்கு இட்டிருக்கும் பெயர் 'மணற்பெட்டி'. நம் சிறுமியர் ஆற்றங்கரையில் ஆடிய அதே மணல்தான் கண்ணாடித் திரைக்குள் வந்திருக்கிறது.

ஒன்பதாந்தர மாணவன் ஒருவன் அம்மாலையில் தன் ஊரை மற்றவர்க்குத் திறந்து காட்டினான். மலைச்சரிவில் வீதி, கோயில், பாடசாலை, இருபது வீடுகள். மற்றவர்கள் அதனுள் நடந்து பார்த்தார்கள். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவனினும் இளைய சிறுமி ஒருத்தி, "அண்ணே, தண்ணித் தாங்கி வீட்டுக்கெல்லாம் கீழ இருக்கே, தண்ணி எப்படி மேல ஏறும்?" என்றாள். இன்னொருவன், "எல்லா வீட்டுக்கும் வாசல் ஒரே பக்கம். லயம் மாதிரியே இருக்கு" என்றான். கட்டியவன் சினங்கொள்ளவில்லை. தாங்கியை மேட்டுக்கு மாற்றினான். வாசலைப் பற்றி மட்டும், வீதி அந்தப் பக்கம் இருப்பதால் அப்படி வைத்ததாகக் காரணம் சொன்னான். அதனை மற்றவர்கள் ஒப்பினர். அவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருப்பதையும் கண்டேன். பிறர் கட்டியதில் எவரும் கை வைப்பதில்லை. சொல்லலாம், அல்லது பக்கத்து வெற்றிடத்தில் ஒரு மாதிரியைக் கட்டிக் காட்டலாம். ஏற்பதும் விடுவதும் உடையவன் உரிமை.

கட்டி ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் என்றதும் எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. "நம் லயத்து அறை ஒன்றைக் கட்டுங்கள்" என்றேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது ஏறத்தாழ மூன்றுக்கு நான்கு மீற்றர். தரையில் பன்னிரண்டே கட்டிகள். அவ்விளையாட்டில் ஒரு கட்டில் இரண்டு கட்டிகளின் இடத்தைப் பிடிக்கும். வீட்டிலுள்ள ஆறு பேருக்கும் கட்டில் போட முயன்றாள் அச்சிறுமி. ஆறு கட்டில்களும் போட்டு முடிந்தபோது, கதவைத் திறந்து காலை வைக்கக்கூட இடம் மிஞ்சவில்லை. எவரும் சிரிக்கவில்லை. அடுத்து, ஏழு பேர்ச்சஸ் காணியை அளந்தோம்: ஏறத்தாழ 177 கட்டிகள். அதன்மேல் 550 சதுர அடி வீடு: 51 கட்டிகள். எஞ்சிய நிலத்தில் கறிவேப்பிலை வைப்பதா, கோழிக்கூடு வைப்பதா என்று ஒரு பெரிய வழக்கே நடந்தது. நூற்றைம்பது ஆண்டுக் காலத்துக்கு மேலாக எம்மக்களிடம் யாரும் கேட்காத கேள்வியை அப்பிள்ளைகள் தம்முள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிகைபடக் கூறுகிறேனோ என்று வாசகர் ஐயுறலாம். எண்ணிப் பாருங்கள். லயங்களைக் கட்டிய துரைமார் அவற்றில் வாழப்போகிறவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று எம்மவர் எண்ணப்பட்டனர், வினவப்படவில்லை. அண்மைக் காலத்தில் இந்திய உதவியோடு மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டங்களில் 4,000 வீடுகள் எழுந்தன. பயனாளிகளே முன்னின்று கட்டும் முறையில் அவை எழுந்தன என்பது பாராட்டுக்குரியது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவற்றை நன்றியோடு நினைப்பது நம் கடன். ஆயினும் வீடு வேறு, ஊர் வேறு. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும், நோயாளியைச் சுமந்து செல்லும் வழி எது, பிள்ளைகள் ஓடியாடும் இடம் எது, வாசிகசாலை எங்கே என்பனவெல்லாம் ஊரைப் பற்றிய வினாக்கள். வீட்டை ஒருவர் கட்டிக் கொடுத்துவிடலாம். ஊரை, வாழப்போகிறவர்கள் கூடிப் பேசித்தான் சமைக்கவேண்டும்.

இது கனவன்று என்பதற்கு உலகில் சான்று உண்டு. 2012இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனிதக் குடியிருப்பு அமைப்பு, மொஜாங் நிறுவனத்தோடு சேர்ந்து 'கட்டி கட்டியாக' என்று பொருள்படும் பெயருடன் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கென்யாவின் நைரோபி நகரில், கிபேரா என்னும் குடிசைப் பகுதியின் விளையாட்டுத் திடலைச் சீர்திருத்துவது அதன் முதன் முயற்சிகளுள் ஒன்று. அவ்விடத்து மக்கள் சிலநாட் பட்டறையில் இவ்விளையாட்டைக் கற்று, குழுக்களாக அமர்ந்து, தாம் விரும்பும் திடலைத் திரையில் கட்டி, அதிகாரிகளுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் காட்டுகின்றனர். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் இவ்வகையில் தம் கருத்தைச் சொல்லிவிட முடிகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2014இல் டென்மார்க் அரசின் புவித்தரவு அலுவலகம் தன் நாடு முழுவதையும் இவ்விளையாட்டினுள் உள்ள அளவிலேயே அமைத்து எல்லோர்க்கும் திறந்துவிட்டது. சில வாரங்களுக்குள் எவரோ புகுந்து வெடி வைத்துச் சில பகுதிகளைத் தகர்த்தனர். சிற்றில் சிதைப்போர் எக்காலத்தும் எந்நாட்டிலும் இருக்கின்றனர் போலும்!

ஆசிரிய நண்பர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபங்களை நான் அறிவேன். கைத்தொலைபேசி பிள்ளைகளின் பொழுதைத் தின்கிறது. முகமறியாதவர் இணையத்தின் வழியே உள்ளே வருகின்றனர். தரவுக் கட்டணம் தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தைக் கடிக்கிறது. மூன்றும் உண்மை. ஆனால் மூன்றும் தனித்து, காவலின்றி, இரவில் ஆடுவதால் வரும் தீங்குகள். பாடசாலையின் மேற்பார்வையில், கிழமைக்கு ஒரு மணி நேரம், வெளியுலகத் தொடர்பில்லாத உள்வலையமைப்பில் ஆடினால் அவற்றுக்கு இடமில்லை. விளையாட்டை விலைகொடுத்து வாங்கவேண்டும் என்பதுமில்லை. இதனைப் போன்ற கட்டியுலகம் ஒன்றை பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கினார். பலரும் கூடி வளர்த்த அது 2024இல் லுவாந்தி எனப் பெயர் மாறி, இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

இவற்றினும் வலிய ஆட்சேபம் ஒன்றுண்டு. அதனை நானே கூறிவிடுகிறேன். இவ்விளையாட்டின் மண் பொய்ம்மண். அடியிலுள்ளதை எடுத்துவிட்டாலும் பெரும்பாலான கட்டிகள் அந்தரத்தில் நிற்கும். அங்கே மலை சரிவதில்லை. நம் மலைகளோ சரிகின்றன. 2014 ஒக்ரோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியது. அம்மாணவன் தன் இருபது வீடுகளை வைத்த சரிவு, மெய்யுலகில் ஒரு மழைக்கும் நில்லாது போகலாம்.

ஆகவேதான் காட்டுவதும் கேட்பதும் பிள்ளைகளோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன். எந்த ஓடை எந்த மாதத்தில் பெருகும், எந்தச் சரிவில் பெருமழைக்குப் பின் வெடிப்புக் கண்டது, எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பவை கொழுந்து பறித்து முதிர்ந்த நம் பாட்டிமார்க்குத் தெரியும். அவர்களைத் திரைமுன் அமர்த்தி, "ஆத்தா, இந்த ஊரில் எது பிழை?" என்று கேட்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கியிருக்கிறது. அப்படத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டே பிள்ளைகள் வீடு வைக்கவேண்டும். பிள்ளையின் கற்பனை, பாட்டியின் நினைவு, நிபுணரின் அளவை ஆகிய மூன்றும் கூடினால் பொய்ம்மண்ணும் மெய்யான பாடம் சொல்லும்.

இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று இரசிகர் சிலர் முகஞ்சுளிக்கலாம். தம்மைத்தாமே நோக்கும்படி அவர்களை வேண்டுகிறேன். நம் முன்னோர் நூலொன்றை இயற்றினால் அவையில் அரங்கேற்றினர். தொடக்கத்தில் அவையடக்கம் பாடினர். புலவர் கேட்ட வினாக்களுக்கு விடை சொல்லிய பின்னரே நூல் நூலாயிற்று. இன்றோ நூல் வெளியீட்டு விழாவில் பொன்னாடை உண்டு, வாழ்த்துரை உண்டு, வினா இல்லை. விழா மண்டபத்துக்கு வெளியே, தேநீர்க் கடையில், அதே நூல் காலால் எற்றப்படுகிறது. புகழ்வதும் சிதைப்பதுமாகிய இரண்டையே நாம் விமர்சனம் என்று கொண்டோம். அப்பிள்ளைகள் மூன்றாவது ஒன்றை அறிந்திருக்கிறார்கள். முதலில் ஊருக்குள் முழுவதும் நடந்து பார்க்கிறார்கள். பிறகு 'ஏன் இப்படி?' என்று கேட்கிறார்கள். அதன் பின்னரே, செய்யக்கூடிய திருத்தம் ஒன்றைச் சொல்கிறார்கள். நம் திறனாய்வாளர் எத்தனை பேர் நூலுக்குள் முழுவதும் நடந்து பார்த்த பின் பேசுகின்றனர்?

இன்னுமொன்று. சி. வி. வேலுப்பிள்ளை முதல் தெளிவத்தை ஜோசப் வரை நம் மலையக எழுத்தாளர்கள் தோட்டத்து வாழ்வை உலகறியச் செய்தனர். லயத்தின் துயரத்தை எழுதிய இலக்கியம் நம்மிடம் உண்டு. லயத்துக்குப் பின் எழவேண்டிய ஊர் எத்தகையது என்பதை நாம் எழுதியது குறைவு. அந்த வேலையைத் தாமறியாமலே சிறுவர்கள் தொடங்கியிருக்கிறார்கள்.

எனவே சபரகமுவத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்க்கு என் வேண்டுகோள் இது. கணினி அறையில் கிழமைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாணவர் தம் தோட்டத்தையே அளந்து கட்டட்டும். தவணைக்கு ஒருமுறை பெற்றோரை அழைத்து அதனை அரங்கேற்றுங்கள். சொல்லப்படும் திருத்தங்களைத் தமிழில் எழுதி வையுங்கள். புதிய குடியிருப்புக்கென்று அதிகாரிகள் வரைபடத்தோடு வரும் நாளில், எம்மக்கள் கைகட்டி நிற்காமல், "எங்களிடமும் ஒரு படம் இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லட்டும்.

சென்ற கிழமை அம்மாணவன் தன் ஊரை மீண்டும் காட்டினான். தாங்கி மேட்டில் இருந்தது. வீடுகள் சரிவை விட்டுக் கீழே சமநிலத்துக்கு இறங்கியிருந்தன. இது யார் சொன்ன திருத்தம் என்று கேட்டேன். "எங்க அப்பாயி, சார்" என்றான்.