சித்தி என்றால் கெட்டவளா?

பள்ளிக்கூட ஆண்டு விழா. மேடையில் நாடகம் நடக்கிறது. தலைவிரி கோலமாக ஒரு பெண் வருகிறாள். கையில் விளக்குமாறு. ஒரு சிறுமியை ஓட ஓட விரட்டுகிறாள். "சித்தி, அடிக்காதே!" என்று சிறுமி அலறுகிறாள். கூட்டம் சிரிக்கிறது, கை தட்டுகிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். போன மாதந்தான் அவன் வீட்டுக்குச் சித்தி வந்திருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கென்று முறுக்கு வாங்கி மடியில் வைத்திருக்கிறாள். அவன் முறுக்கைத் தின்பானா? அவள்தான் அவன் முகத்தைப் பார்ப்பாளா?

இந்தப் பையனுக்கும் ஒரு நாடகம் வேண்டும். அதைத்தான் இன்று கேட்கிறோம்.

விதவை மறுமணத்துக்கு 1856-ல் சட்டம் வந்தது. 1955-ல் வந்த இந்துத் திருமணச் சட்டம் விவாகரத்துக்கும் வழி செய்தது. மூத்த தாரத்தின் பிள்ளையும் இளைய தாரத்தின் பிள்ளையும் ஒரே பாயில் படுக்கும் வீடு அதற்கு முன்பே உண்டு, இன்றும் உண்டு. சட்டம் மாறிவிட்டது. கதை மட்டும் மாறவில்லை. ஏன், பத்திரிகைக்காரர்களாகிய நாங்களே, ஓர் ஊருக்குத் தண்ணீர் வராவிட்டால் "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்றுதானே எழுதுகிறோம்!

ஒரு செய்தி கேளுங்கள். ஏழு குள்ளர்களின் வீட்டில் ஒளிந்து வாழ்ந்த இளவரசி ஸ்னோ ஒயிட் கதை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் அதை அச்சிட்டபோது, அவளைக் கொல்லச் சொன்னவள் யார் தெரியுமா? பெற்ற தாய்! 1819-ல் வந்த பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பெற்றவள் பெயர் கெடக்கூடாது என்று நினைத்தார்கள் போலும். பழி சித்தியின் தலையில் விழுந்தது.

நம் துருவன் கதைக்கு வருவோம். அப்பாவின் மடியில் உட்கார ஆசைப்பட்டான் துருவன். மாற்றாந்தாய் சுருசி தடுத்தாள். எல்லோரும் சுருசியைத்தான் ஏசுகிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்த அப்பா உத்தானபாதன் என்ன செய்தான்? வாயைத் திறக்கவில்லை! துருவன் நாடகம் போடும் ஆசிரியர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பல வீடுகளில் சண்டைக்குக் காரணம் சித்தியின் வாய் அல்ல, அப்பாவின் மௌனம்.

குழந்தைகளின் உண்மை வாழ்க்கையை மேடையில் காட்ட முடியுமா? முடியும். ஜெர்மனியில் பெர்லின் நகரில் 1966-ல் தொடங்கிய ஒரு குழு, பிறகு 'கிரிப்ஸ்' என்று பெயர் பெற்றது. அரக்கன், தேவதை கிடையாது. வீடு, பள்ளிக்கூடம், தெரு இவையே கதை. 1986-ல் டாக்டர் மோகன் அகாஷே புனே நகரில் அந்த முறையை மராத்தி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் நடிகர், மனநல மருத்துவரும்கூட. மராத்தியில் முடிந்தது தமிழில் முடியாதா?

பெரிய செலவு வேண்டாம். ஒரு கட்டில், மாலை போட்ட ஒரு படம், ஒரு டிபன் டப்பா போதும். புதிதாக வந்தவளை என்னவென்று கூப்பிடுவது? செத்துப்போன அம்மாவின் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது? அவளோடு வந்த தம்பிக்குப் பென்சிலைக் கொடுக்கலாமா? பள்ளிக்கூடத் தாளில் தாயார் பெயர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? பெரியவர்களுக்கு இவை சில்லறை விஷயம். பிள்ளைக்கு இராத் தூக்கம் போய்விடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எந்தப் பிள்ளையையும் "உன் வீட்டுக் கதையைச் சொல்" என்று கேட்காதீர்கள். ஊர் வாயில் அதைப் போட்டுவிடாதீர்கள். பெயரை மாற்றுங்கள், வேடத்தையும் மாற்றுங்கள். பையனே சித்தியாக நடிக்கட்டும். புது வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவள் விழிப்பதை அவனே விழித்துப் பார்க்கட்டும்.

கொடுமை செய்பவர்களே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறார்கள், பெற்றவர்களிலும் இருக்கிறார்கள். அடிபடும் பிள்ளை 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. இதையும் மேடையிலேயே சொல்லிவிடலாம்.

கடைசிக் காட்சியில் பையன் "அம்மா!" என்று ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டாம். அது சினிமா. சித்தி கட்டிக்கொடுத்த சோற்றைத் தினமும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்த பையன், அன்று டப்பாவைத் திறந்து காட்டுகிறான். உள்ளே பாதிதான் மிச்சம்.

"உப்புக் கொஞ்சம் கம்மி," என்கிறான். அங்கே திரையை விடலாம்.