ஏற்றுமதிக்கு மட்டும்தானா சோதனை?

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்துக்கான திருத்தம், 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மணிப்பூர் விவகாரத்தால் அவைகள் அமளியில் மூழ்கியிருந்த கூட்டத்தொடர் அது. இறால் பண்ணைகளை மனதில் கொண்டு 2005-ல் எழுதப்பட்ட சட்டத்தின் வரம்புக்குள் சிப்பி வளர்ப்பு, கடற்பாசி வளர்ப்பு, கூண்டு மீன் வளர்ப்பு ஆகியவையும் வந்தன. உடல்நலத்துக்குக் கேடான ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கான தடை சட்டத்திலேயே இடம்பெற்றது. பண்ணையிலிருந்து வெளியேறும் கழிவுநீருக்குத் தரம் நிர்ணயிக்க ஆணையத்துக்கு அதிகாரம் கிடைத்தது.

இறாலுக்கு இது பொருந்தும். சிப்பிக்குப் பிரச்சினை வெளியேறும் நீரில் இல்லை. உள்ளே வரும் நீரில் இருக்கிறது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் படன்னை, வலியபறம்பா உப்பங்கழிகளில் மகளிர் சுய உதவிக் குழுவினர் பச்சைச் சிப்பியைக் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்டு வளர்க்கின்றனர். அதற்குத் தீவனமும் இல்லை, மருந்தும் இல்லை. தண்ணீரை இடைவிடாது வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டே சிப்பி வளர்கிறது. ஊர்ச் சாக்கடை கலந்தால் அதன் கிருமிகளும், நச்சுப் பாசி பெருகினால் அதன் நஞ்சும் சதையில் சேர்ந்துவிடும். நஞ்சேறிய சிப்பியைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டறிய முடியாது. வேகவைத்தாலும் பாசி நஞ்சு அழிவதில்லை.

1997-ஆம் ஆண்டை இங்கே நினைவுகூர வேண்டும். அந்த ஆகஸ்டில், பதப்படுத்தும் ஆலைகளின் சுகாதாரக் குறைபாட்டைக் காட்டி இந்தியக் கடலுணவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. தில்லியும் ஏற்றுமதியாளர்களும் கைகோத்துச் செயல்பட்டனர். ஆலைகள் சீரமைக்கப்பட்டன, அங்கீகாரம் பெற்றவற்றுக்கு ஆண்டு முடிவதற்குள் கதவு திறந்தது. 2016-ல் ஐரோப்பா, இந்தியப் பண்ணை இறாலின் மாதிரிச் சோதனையை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. அங்கு செல்லும் இறாலுக்கு அறுவடைக்கு முன்பே சோதனைச் சான்று பெற வேண்டும்.

அதே 1997 செப்டம்பரில், விழிஞ்ஞம் பகுதியில் சிப்பி உண்ட 7 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவை பாறையில் இயற்கையாக வளர்ந்த சிப்பிகள்தான் என்றாலும், பாசி நஞ்சுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அயல்நாட்டு வாடிக்கையாளர் முகம் சுளித்தபோது காட்டிய வேகத்தை, நம் மக்கள் மாண்டபோது காட்டினோமா?

பொறுப்பு சிதறிக் கிடப்பதே இதற்கு முதற் காரணம். வளர்ப்பு மீன்வள அமைச்சகத்திடம், ஏற்றுமதிச் சோதனை வர்த்தக அமைச்சகத்திடம், உள்நாட்டு உணவுத் தரம் சுகாதார அமைச்சகத்திடம், நீர் மாசு சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம். கடலில் பாசி பெருகுவதைச் செயற்கைக்கோள் வழியே கண்டு 2022 முதல் தகவல் தரும் ஹைதராபாத் மையம் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஓர் உறுப்பினர் கேள்வி எழுப்பினால், 'இது எங்கள் துறை சார்ந்ததன்று' என்று ஐவரும் கூறிவிட இடமிருக்கிறது.

அமெரிக்காவில் 1924-25 குளிர்காலத்தில் சிப்பி வழியே டைபாய்டு பரவி சுமார் 150 பேர் இறந்தனர். விற்பனை சரிந்ததால் கலங்கிய தொழில்துறையினரே அரசை அணுகினர். மத்திய அரசு, மாநிலங்கள், தொழில்துறை மூன்றும் சேர்ந்து 1925-ல் உருவாக்கிய ஏற்பாடு இன்றும் நீடிக்கிறது. சிப்பி வளரும் நீர்ப்பகுதிகளைச் சோதித்து வகைப்படுத்துவதும், நீர் கெட்டால் அறுவடையை நிறுத்துவதும் அதன் அடிப்படை.

இங்கும் அது இயலும். ஆனால், வங்கிக் கடன் பெற்று மழைக்காலத்துக்கு முன் அறுவடையை முடித்தாக வேண்டிய குழுவினரிடம், 'இந்த மாதம் எடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்? தடைக்காலத்துக்கு இழப்பீடு இல்லாத எந்தச் சோதனைத் திட்டமும் ஏட்டளவில் நின்றுவிடும். சாக்கடையைக் கலக்கவிட்ட உள்ளாட்சி அமைப்பும் மாநில அரசும் அந்த இழப்பீட்டில் பெரும்பங்கை ஏற்பதே நியாயம். சோதனைச் செலவைச் சிப்பி வாங்கும் மொத்த வணிகர்களும் மத்திய அரசும் பகிர்ந்துகொள்ளலாம்.

கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மீன் தொழில்நுட்ப நிலையமும் உள்ளன. நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. உள்நாட்டுச் சந்தைக்குச் செல்லும் சிப்பிக்கும் அறுவடைக்கு முந்தைய நீர்ச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதியை மீன்வள அமைச்சகம் வெளியிட வேண்டும். படன்னையில் அடுத்த பருவத்துக்குக் கயிறு கட்டும் முன்பே அது வருமா என்று, கடலோரத் தொகுதிகளின் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் கேட்கட்டும்.