அயற்சொல் இனிக்கும், சோறு மட்டும் கசக்குமோ?



சென்ற திங்கள் சென்னையில் உள்ள ஒரு தாய்லாந்து உணவகத்திற்கு நண்பர் நால்வரோடு சென்றிருந்தேன். நால்வரும் கற்றவர், தமிழ்ப்பற்று இல்லாதவர் என்று ஒருவரையும் சொல்லவியலாது. உணவுப்பட்டியைப் புரட்டியதும் ஒருவர் 'தொம் யம்' என்றார். மற்றொருவர் 'சொம் தம்' என்றார். ஒலிப்பில் பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்று ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளவும் செய்தனர்.

பணியாளர் நம் தமிழ்ப்பிள்ளையே. அவரிடம் நான், "தம்பி, கொஞ்சம் சோறு கொண்டு வாருங்கள்" என்றேன். அவ்வளவுதான்! நண்பர் முகங்கள் சுருங்கின. "இங்கே வந்து சோறு என்கிறீரே! ரைசு என்று சொல்லக் கூடாதா?" என்று காதோடு கடிந்துகொண்டார் ஒருவர்.

அன்பர்களே! அவர்கள் அவ்வளவு கருத்தாக ஒலித்த சொற்கள்தாம் யாவை? 'சொம்' என்றால் புளிப்பு. 'தம்' என்றால் இடித்தல். பப்பாளிக்காயை உரலிலிட்டு இடிப்பதால் வந்த பெயர். 'தொம்' என்றால் கொதிக்க வைத்தல். 'யம்' என்றால் புளிப்பும் உறைப்புமாகக் கலத்தல். 'நம் பிளா' என்றால் மீன்நீர். அத்தனையும் அடுப்படிச் சொற்கள்! உரலும் உலக்கையும் பழகிய கைகள் இட்ட பெயர்கள்! அவற்றைச் சொல்லத் தாய்லாந்தர் நாணினரா? இல்லையே! 2024ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் மரபுச்செல்வப் பட்டியலிலும் 'தொம் யம் குங்' அப்பெயரோடேயே ஏறிற்று.

சோற்றை அவர்கள் 'காவ்' என்பர். உண்ணுதல் என்பதற்கே அவர்தம் வழக்கு 'கின் காவ்', அதாவது சோறு உண்ணுதல். "சோறு உண்டாயிற்றா?" என்பதே அங்கு நலம் உசாவும் மொழி. நம் ஊர்ப்புறத் தாயும் அதைத்தானே கேட்கிறாள்! அவர்க்குப் பெருமையான சொல் நமக்கு மட்டும் இழிவானது எங்ஙனம்?

இன்னொன்றும் கேளுங்கள். சாற்றில் மிதந்த கிழங்குத் துண்டைக் காட்டி, "இது கலங்கல், நம் பக்கம் கிடைக்காது" என்றார் ஒரு நண்பர். தமிழில் கலங்கல் என்றால் சேற்றுநீர்! அந்தக் கிழங்கு வேறொன்றுமன்று, நம் பேரரத்தை. அவருடைய பாட்டி அவருக்கு இருமலுக்கு இடித்துக் கொடுத்திருக்கக்கூடிய அதே அரத்தை. நாட்டு மருந்துக் கடைதோறும் கிடைக்கும் பொருளை, பெயரை மறந்ததால், இல்லாத பொருளாக்கிவிட்டோம். சொல்லை இழந்தவன் பொருளையும் இழப்பான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தாய்லாந்தர் மொழி கலப்பற்றது என்று நான் சொல்ல வரவில்லை. வடமொழியும் பாலியும் அதில் மிகப் புகுந்துள்ளன. நம் 'கறி' என்னும் சொல்லும் அவர்தம் 'கேங் கரி'யில் வாழ்கின்றது. ஆயினும் தம் அடுக்களையை அவர்கள் அடகு வைக்கவில்லை. சீனர் வழிவந்த நூலுணவை 1938 முதல் 1944 வரை தலைமை அமைச்சராயிருந்த பிபுன் சொங்கிராமின் அரசு நாடெங்கும் பரப்பியது; 'பத் தாய்' என்று அதன் பெயரிலேயே நாட்டின் பெயர் நின்றது. அவர்கள் வந்த பண்டத்திற்கும் தம் பெயரை இட்டனர். நாமோ இருந்த பண்டத்தின் பெயரையும் தொலைத்தோம்!

நம்மை ஆண்ட ஆங்கிலனும் மிளகுத்தண்ணீரை 'மல்லிகட்டானி' என்று தன் நாவுக்கு இயன்றவாறு நம் சொல்லாலேயே அழைத்தான். அவன் போன பின்னர், நாமே தயிர்ச்சோற்றைக் 'கர்டு ரைசு' என்றும் எலுமிச்சைச் சோற்றை 'லெமன் ரைசு' என்றும் பலகையில் எழுதுகிறோம். கேட்டால், "உண்ண வருவோர்க்குப் புரியவேண்டுமே" என்பர். 'சொம் தம்' என்ற சொல் என் நண்பர்க்கு எப்படிப் புரிந்தது? விற்பவன் துணிந்து எழுதினான், உண்பவன் கற்றுக்கொண்டான். வேறு கரணியம் இல்லை.

அயலவர் உணவை உண்ணாதீர் என்று நான் கூறேன். நன்றாக உண்ணுங்கள், அவர் இட்ட பெயராலேயே அழையுங்கள், அது பண்பு. ஆனால் அந்தப் பண்பில் ஒரு பங்கை நம் மொழிக்கும் வழங்குங்கள்! எந்த உணவகத்தில் அமர்ந்தாலும் சோறு என்றே கேளுங்கள், குரலைத் தாழ்த்தாமல்!

அன்று அந்தத் தம்பி நான் கேட்டதைப் புரிந்துகொண்டார். புன்னகையோடு சோறுதான் கொண்டுவந்தார். நாணியவர் என் நண்பர்களே!